அப்பம் மினிட்ஸில் வராது

1. எங்கள் தெருச் சங்கம், மண்டபச் சுவரை ஒட்டி இருக்கும் இஸ்திரிக்கார அக்காவின் தகரக் கொட்டகை அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தது.
2. அந்தக் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதியவள் நான்.
3. நான்கு பக்கம் எழுதினேன். யார் பேசினார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்பதில் ஒரு பிழையும் இல்லை.
4. அந்த நான்கு பக்கத்திலும் முடிவு இல்லை.
5. ஓடை வேலை நடத்தும் அலுவலகம் அதை வரி விடாமல் படித்துவிட்டு, ஏழு நாளில் கொட்டகையை அகற்ற வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியது.
6. அதற்காக என்மேல் மிக அதிகமாகக் கோபப்பட்டவர், கொட்டகை வேண்டாம் என்று கூட்டத்தில் பேசிய ஒரே ஆள்.

இப்படி வரிசைப்படுத்த இப்போது முடிகிறது. நடந்துகொண்டிருந்தபோது இந்தப் பட்டியலின் முதல் எண்ணே எனக்குத் தெரியாது.

என் வேலை மென்பொருள் சோதனை. கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி. நிரல் எழுதியவர் "வேலை செய்கிறது" என்பார். நான் "பொத்தானை அழுத்தினேன், திரை வெள்ளையாயிற்று" என்று எழுதுவேன். ஐந்து வருடமாக இதுதான் சோறு போடுகிறது. ஆபீஸ் மீட்டிங்குகளுக்கும் நான்தான் குறிப்பு எடுப்பேன். முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன். எனக்கென்று நாலு விதிகள் உண்டு. காதில் விழுந்ததை மட்டும் எழுது. ஊகிக்காதே. அடைமொழி சேர்க்காதே. டீ, சமோசா வந்ததையெல்லாம் எழுதாதே. இந்த நாலாவது விதிதான் என்னைக் கவிழ்த்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வலியசாலையில் எங்கள் தெருவுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு சின்ன மண்டபம், மண்டபத்துக்கு ஒரு அலமாரி, அலமாரிக்குள் ஒரு மினிட்ஸ் புத்தகம். இருபது வருடமாகச் செயலாளராக இருந்தவர் மகளோடு இருக்கப் புனே போனார். போகிற அன்று சாவியையும் புத்தகத்தையும் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். "கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு இருக்கே, பின்னே என்ன?" என்று தலைவர் சொன்னாராம். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் சார்பில் சம்மதம் சொல்லிவிட்டாள்.

அந்தப் புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். தெரு தமிழ்த் தெரு, ஊர் மலையாள ஊர். அதனால் கூட்டத்தில் பேசுவது தமிழ், புத்தகத்தில் எழுதுவது மலையாளம். அது பதிவு செய்த காலத்திலிருந்து வழக்கம். பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் என்பதால் எனக்கு அதில் சிரமம் இல்லை. எரிச்சல் வேறு இடத்தில் வந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆறே வரி. தலைவர் தலைமை வகித்தார், இன்ன விஷயம் பேசப்பட்டது, ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இருபது வருடம், எல்லாமே ஒருமனது. குழாய் மாற்றியது ஒருமனது, பந்தல்காரரை மாற்றியது ஒருமனது, மண்டபத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்ததுகூட ஒருமனது. அந்தப் பச்சையை ஒரு மனதாவது ஏற்றிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. மனிதர் கூட்டத்துக்குப் போகாமலே எழுதியிருக்கிறார் என்று தீர்மானித்தேன். என் காலத்தில் இது நடக்காது என்றும் தீர்மானித்தேன். அது மட்டும் உண்மையிலேயே ஒருமனது.

கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டபத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி நாலு குழாய்க் கம்பி, மேலே தகரம், ஒரு மேஜை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருத்தி பன்னிரண்டு வருடமாக அங்கே சிரட்டைக்கரி போட்டு இஸ்திரி தேய்க்கிறாள். எங்கள் தெருவும் பக்கத்து இரண்டு தெருக்களும் அவளுக்குத் துணி கொடுக்கின்றன. அவள் தங்கியிருப்பது கரமனை ஆற்றுப் பக்கம் ஒற்றை அறை. அங்கே ஒரு கட்டில் போட்டால் மேஜைக்கு இடமில்லை. கொட்டகை போனால் அவளுக்குப் போக வேறு இடமில்லை. இது எல்லோருக்கும் தெரியும்.

தெருவில் பழைய ஓடையைத் தோண்டி, அகலப்படுத்தி, மேலே ஸ்லாப் போடும் வேலை வந்தது. ஓரத்தில் நிற்பதையெல்லாம் எடுத்துவிடுவார்கள். ஆனால் சுவருக்குச் சொந்தமான சங்கம், கொட்டகை தன் சம்மதத்தில் இருக்கிறது என்று எதிர்ப்பில்லாத் தீர்மானம் கொடுத்தால், வேலை நடக்கும் நாட்களில் மட்டும் மண்டபத்து வளாகத்துக்குள் தள்ளி வைத்துவிட்டுப் பிறகு பழைய இடத்திலேயே போட்டுக்கொள்ளலாம். அந்தத் தீர்மானத்துக்காகத்தான் கூட்டம். ஒன்பது பேர் வந்திருந்தோம்.

எதிர்ப்பு வந்தது கோடி வீட்டிலிருந்து. தெருவின் கடைசி வீடு, கொட்டகைக்கு நேர் எதிரே கேட். அந்த வீட்டு மாமா எழுந்து நின்றே பேசினார்.

"காலம்பற ஆறரைக்கு வண்டியை வெளில எடுக்கணும்னா மூணு தரம் முன்னும் பின்னும் போகணும். துணி குடுக்க வர ஸ்கூட்டர் பூரா என் கேட்டுலயாக்கும் நிக்கறது. போன வாரம் ஒருத்தன் என் கேட்டுல சட்டையை மாட்டிட்டுப் போயிருக்கான், கேட்டேளோ? ஹாங்கரோட!"

"சட்டை உங்க சைஸோ?" என்றாள் பொருளாளர் மாமி, மண்டபத்துச் சமையலறை வாசலிலிருந்து.

"மாமி, இது தமாஷில்லை."

"நானும் தமாஷா கேக்கலை. சைஸ் சரியா இருந்தா நீங்க இவ்வளவு கத்தியிருக்க மாட்டேள்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. இன்னும் கால் மணி நேரம் பேசினார். புகை, கரித்தூள், அவர் வீட்டு வெள்ளைச் சுவர். தலைவர் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் அவசரப்படுத்த மாட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உம்ம வேஷ்டி எங்க ஓய் தேய்க்கறது?"

"அங்கதான். அது வேற விஷயம்."

அதோடு உட்கார்ந்துவிட்டார். கோடி வீட்டு மாமா மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து சமையலறைப் பக்கம் போனார். மாமி ஏத்தக்காய் அப்பம் பொரித்து வைத்திருந்தாள். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பது, இந்த ஊரில் எந்தக் கூட்டத்துக்கும் உள்ளது. மாமா அந்தத் தட்டை மாமியின் கையிலிருந்து தானே வாங்கி, தலைவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்து, "எடுத்துக்கோ, சூடு இருக்கு, நாக்கை சுட்டுக்காதே" என்றார். ஒன்று எடுத்துக்கொண்டேன். தின்றேன். மண்டபத்து விசிறி சத்தம் போடுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

நான் எழுதியது இது. பொருள் இரண்டு: விவாதிக்கப்பட்டது. கோடி வீட்டு உறுப்பினர் 6.05 முதல் 6.30 வரை எதிர்ப்புத் தெரிவித்தார். காரணங்கள் பின்வருமாறு. தீர்மானம் எதுவும் முன்மொழியப்படவில்லை. 6.40-க்குப் பொருள் மூன்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

6.30-க்கும் 6.40-க்கும் நடுவில் பத்து நிமிடம் காணாமல் போயிருப்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அப்பம் தின்றோம் என்று எழுதியிருக்க மாட்டேன்.

தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். தெருவின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். பதினொரு பேர் கட்டை விரல் காட்டினார்கள், ஒருவரும் திறக்கவில்லை. அரை நாள் லீவு போட்டு, நகலை நானே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தேன். தீர்மானமே இல்லாத மினிட்ஸை ஏன் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சங்கம் என்ன பேசியது என்று தெரிவிக்கத்தான் போலிருக்கிறது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஆபீஸில் ஒரு சின்னச் சந்தேகத்தையும் கேட்காமல் விடாதவள் நான். அன்று மட்டும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஆபீஸ் பஸ்ஸுக்கு நிற்கிறேன். அக்கா ஓடி வந்தாள். கையில் போன், தகரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படம் எடுத்து வைத்திருந்தாள்.

"தங்கச்சி, மலையாளத்துல போட்டுருக்கு. என்னன்னு வாசிச்சுச் சொல்லு."

வாசித்துச் சொன்னேன். ஏழு நாள். சங்கம் சம்மதம் தெரிவிக்காததால் என்று காரணமும் இருந்தது.

அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். "ஆள் மாத்தி ஒட்டிட்டுப் போயிட்டாவ போல. சங்கத்துல இருக்கட்டும்னுதான சொன்னாவ?"

"யார் சொன்னா அக்கா?"

"கோடி வீட்டு ஐயாதான். மறுநாக் காலையில வந்து, 'வண்டி நிறுத்துறவங்கள மட்டும் அந்தப் பக்கமா நிறுத்தச் சொல்லு'ன்னாவ. நானும் கோடு போட்டு வச்சிருக்கேன், பாக்கலியா நீ?"

பார்த்தேன். சாலையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. இரண்டு வாரமாக அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போயிருக்கிறேன்.

அவள் முகத்தில் சிரிப்பு மெதுவாக நின்றது. "அப்ப நெசமாவே எனக்குத்தானா இது?"

நான் பஸ்ஸை விட்டேன். மறுநாள் மறுபடி அரை நாள் லீவு போட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுத்தர் ஒருவர், அமைதியானவர், என் நகலை எடுத்து மேஜையில் விரித்தார். ஓரங்களில் பென்சிலால் டிக் போட்டிருந்தார். அதாவது படித்திருந்தார். இந்தக் கதையில் என் மினிட்ஸை முழுதாகப் படித்த முதல் மனிதர் அவர்தான்.

"நல்ல எழுத்து மேடம். இத்ர வியக்தமாயிட்டு ஒரு சங்கமும் எழுதிக் கண்டிட்டில்ல," என்றார். இவ்வளவு தெளிவாக எந்தச் சங்கமும் எழுதிப் பார்த்ததில்லையாம். நான் நன்றி சொல்லப் போனேன். அதற்குள் அவர் விரல் பொருள் இரண்டில் வந்து நின்றது. "பக்ஷே, தீருமானம் எவிடெ?" ஆனால் தீர்மானம் எங்கே என்கிறார்.

தீர்மானம் எடுத்தார்களாம், எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. இங்கே தீர்மானம் முன்மொழியப்படவில்லை என்று இருக்கிறது, எதிர்ப்பு இருபத்தைந்து நிமிடம் என்று இருக்கிறது, இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லையே என்றார். கொஞ்சம் குழப்பமாக எழுதியிருந்தால் கூப்பிட்டுக் கேட்டிருப்பாராம். ஏழு நாளுக்குள் எதிர்ப்பில்லாத் தீர்மானம் வந்தால் கோப்பை மறுபடி எடுப்பதாகச் சொன்னார்.

அன்று மாலை தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"மாமா, கொட்டகை இருக்கட்டும்னு நாம எப்போ தீர்மானம் எடுத்தோம்?"

"அன்னிக்குத்தான். நீயும் இருந்தியே."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்?"

"யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லணுமே மாமா. முன்மொழியறேன், வழிமொழியறேன்னு."

"எதுக்கு? எல்லாரும் இருந்தோமே." என்னைப் பார்த்து அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "உனக்கு மனசிலாகலையோ? கேட்டிருக்கலாமேடீ."

எதைக் கேட்பது? முடிவு எடுத்துவிட்டீர்களா, எனக்குத் தெரியாமல், என் கண்ணெதிரே, என்று கேட்பதா? வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே கோடி வீட்டு மாமா வந்துவிட்டார். வாட்ஸ்ஆப்பில் இருந்ததைக் கடையில் கொடுத்து அச்செடுத்து வந்திருந்தார். தன்னைப் பற்றிய வரிகளில் மஞ்சள் பூசியிருந்தார். நாலு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் மஞ்சள்.

"என்னடீ இது? வீட்டைச் சொல்லி, மணி வெச்சு எழுதியிருக்காய்? ஆறு அஞ்சு, ஆறு முப்பது! நான் என்ன எக்ஸ்பிரஸ் வண்டியா?"

"நீங்க பேசினதுதான் மாமா."

"பேசினேன். இல்லைன்னேனா? அப்புறம் விட்டுக்குடுத்தேனே, அது எங்கே? இன்னிக்குக் கோவில்ல அர்ச்சகர் கேக்கறார், பாவம் அந்தப் பொண்ணு வயத்துல அடிச்சுட்டேளேன்னு. நானா அடிச்சேன்?"

"எப்போ மாமா விட்டுக்குடுத்தேள்?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். இருவரும் ஏதோ அளவுகோலால் என்னை அளப்பது போலிருந்தது.

"அப்பம் யார் குடுத்தா?" என்றார் மாமா.

"நீங்க."

"என்னிக்காவது நான் அப்பத் தட்டு தூக்கிப் பார்த்திருக்கியா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் சங்கத்தில் எதிர்த்துப் பேசியவர் இறங்கி வந்தால் அதை வாயால் சொல்ல மாட்டார். மற்றவர்களும் சொல்லச் சொல்ல மாட்டார்கள். அவர் தட்டை வாங்கி எல்லோருக்கும் கொடுப்பார். அவ்வளவுதான். அவர் கையால் எடுத்துத் தின்றால் விஷயம் முடிந்தது. அதன் பிறகு அதை ஒருவரும் கிளறுவதில்லை. பச்சைப் பெயிண்டை எதிர்த்தவள் பொருளாளர் மாமி; அது முடிவான அன்று அவளே தட்டுக் கொண்டுவந்தாளாம். தன் சமையலறைத் தட்டுதான் என்றாலும் அன்று அவள் கொடுத்ததற்கு வேறு கணக்காம். அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "இதையெல்லாம் யாராவது சொல்லுவாளா?" என்றாள்.

ஆக, பழைய செயலாளர் கூட்டத்துக்குப் போகாமல் எழுதியவர் அல்ல. தட்டு யார் கையில் இருக்கிறது என்று பார்த்து எழுதியவர். நான் மட்டும்தான் தலையைக் குனிந்து நிமிடக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

இதை நான் ரசித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒருத்தியின் பன்னிரண்டு வருடப் பிழைப்பை எட்டுப் பேர் ஒரு பலகாரத் தட்டில் வைத்து முடித்துவிட்டு, எழுத வந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விசிறியைப் பற்றிப் பேசுகிறார்கள். இது நாகரிகம் என்றால் அந்த நாகரிகம் அந்த அலுவலகத்து மேஜையில் செல்லாது. அங்கே காகிதம்தான் பேசும். இதை மாமாவிடம் சொல்லவும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. "அப்போ காகிதத்துல எழுது," என்றார் அவர். "தீர்மானம் இல்லாம எழுத முடியாது மாமா, கூட்டம் போடணும்." "போடு."

புதன்கிழமை எல்லோருக்கும் சொல்லி, வியாழன் மாலை கூட்டம் வைத்தேன். ஏழு பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். அன்று பிரதோஷம் என்று யாருக்கும் நினைவில்லை, எனக்கும்தான். ஐந்து பேர் வந்தோம். அரை மணி காத்திருந்தோம். தலைவர், "நாமளே எழுதிட்டு மத்தவா கையெழுத்தை அப்புறம் வாங்கிண்டா என்ன?" என்றார். முடியாது என்றேன். "பழைய செயலாளர் செய்வார்." "நான் செய்ய மாட்டேன் மாமா." கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதினேன். அது பதினைந்து நொடி வேலை. வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். மேஜையை எடுத்துவைக்கக் கரமனையில் யாரையாவது பார்த்து வைக்கட்டுமா என்று கேட்டாள். சனிக்கிழமை வரை பொறு என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது.

சனிக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். இம்முறை நான் தயாராக இருந்தேன். தீர்மானத்தை முன்னதாகவே எழுதி எடுத்துப் போயிருந்தேன். நின்று வாசித்தேன். "இதை ஆதரிக்கிறவர்கள் கை தூக்கவும்."

ஒரு கையும் எழவில்லை. மற்ற ஏழு பேரும் கோடி வீட்டு மாமாவைப் பார்த்தார்கள். மாமா தன் முழங்காலைப் பார்த்தார்.

"எல்லாரும் சம்மதம்தானே? அப்புறம் ஏன் தூக்கலை?"

"நீ இப்படிக் கேட்டா நான் எப்படிடீ தூக்குவேன்?" என்றார் மாமா. "இருபத்தஞ்சு நிமிஷம் எதிர்த்துப் பேசினவன். நீயே மணி வெச்சு எழுதியிருக்காய். கை தூக்குன்னா எதிர்ப்புக்குத்தான் தூக்கணும். இல்லேன்னா பேசினது பொய்யாயிடும்."

"தூக்காம இருங்கோ. மத்தவா தூக்கட்டும்."

"அவர் முன்னாடி நாங்க எப்படித் தூக்கறது?" என்றார் தலைவர்.

எதிர்ப்பு என்று ஒரு கை எழுந்தாலும் அலுவலகத்துக்கு வேண்டிய காகிதம் கிடைக்காது. கையே எழாவிட்டாலும் கிடைக்காது. திங்கட்கிழமை ஏழாம் நாள். மாமி வாசலில் நின்று, "ஆறிண்டிருக்கு, கொண்டுவரட்டுமா வேண்டாமா?" என்றாள். மாமா எழவில்லை. ஒரு முறை கொடுத்ததை மறுபடி கொடுக்க வேண்டுமா என்று அவருக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

ஒருவரை எல்லோர் முன்னாலும் தோற்கச் சொல்கிறேன் என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. நான் எழுதி வந்த தீர்மானத்தை மடித்து வைத்தேன். சோதனை வேலையில் ஒன்று உண்டு. அறிக்கையில் ஒரு படி விட்டுப் போயிருந்தால் புதிய அறிக்கை போட வேண்டாம். பழையதில் திருத்தம் போட்டால் போதும். மினிட்ஸுக்கும் அது பொருந்தும். புத்தகத்தை எடுத்துப் பழைய பக்கத்தைத் திறந்தேன்.

"சரி, தீர்மானம் வேண்டாம். என் எழுத்துல ஒரு தப்பு இருக்கு. அதைத் திருத்தறேன். கேளுங்கோ: 6.30-க்குக் கோடி வீட்டு உறுப்பினர் தன் எதிர்ப்பை விலக்கிக்கொண்டார். அதன் பேரில், கொட்டகை சங்கத்தின் சம்மதத்துடன் இருக்கலாம் என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இது செயலாளரின் கவனக்குறைவால் விட்டுப்போனது. மாமா, இது நடந்ததா, நடக்கலையா?"

"நடந்தது," என்றார் உடனே. "நடந்ததுக்கு என்ன? அதத்தானே நானும் கத்திண்டிருக்கேன்."

"வேற யாருக்காவது இது நடக்கலைன்னு இருக்கா?"

ஒருவரும் இல்லை. எழுதிக்கொண்டேன். அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மாமாவுக்கு 'பெரிய மனதுடன்' என்று ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அடைமொழி போட மாட்டேன் என்றேன். 'மனிதாபிமானத்தால்' என்றார். அதுவும் அடைமொழிதான் என்றேன். "வண்டி நிறுத்தற கோடு பத்தியாவது போடு." போட்டேன். "ஹாங்கர்?" "போட மாட்டேன்." "செயலாளர் கவனக்குறைவுங்கறதை அடிக்கோடு போடுவியோ?" தலைவர் கையெழுத்துப் போடப் போனபோது மாமா புத்தகத்தை வாங்கித் தானே ஒரு முறை வாசித்து, 'தானாகவே முன்வந்து' என்று சேர்க்கச் சொன்னார். அது நடந்ததுதானா என்று யோசித்தேன். யாரும் அவரைத் தட்டைத் தூக்கச் சொல்லவில்லை. சேர்த்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. இதற்கும் நேரம் குறித்தேன், ஆனால் புத்தகத்தில் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் கொடுத்தேன். எழுத்தர் திருத்தத்தை இரண்டு முறை படித்தார். டிக் போட்டார். ரசீது எண் எழுதிக் கொடுத்தார். அந்த அலுவலகத்துப் பொறியாளர் லீவில் இருந்தார். அவர் வந்து கையெழுத்திடும் வரை நோட்டீஸை ரத்து செய்ய முடியாது, ஆனால் அதன்மேல் நடவடிக்கை இருக்காது என்றார். அதை எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். கோப்பில் எழுதிவிட்டதாகவும் எனக்குத் தர முடியாது என்றும் சொன்னார்.

இப்போது நான் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே 'முடிவு' என்று ஒரு வரி விட்டு, கூட்டம் கலைவதற்குள் அதை உரக்க வாசிக்கிறேன். யாரும் பதில் சொல்வதில்லை. திருத்தச் சொல்பவர் இல்லாவிட்டால் அது முடிவு. அவர்களுக்கு இது பிடிக்கவில்லை என்று அம்மா மூலம் தெரிகிறது. யாரும் என்னிடம் நேரில் சொல்லவில்லை.

ஓடை எங்கள் வீடு வரை தோண்டியாகிவிட்டது. இன்னும் மூன்று வீடு தாண்டினால் மண்டபம். கொட்டகை அதே இடத்தில் இருக்கிறது, அக்கா அங்கேதான் தேய்க்கிறாள். நோட்டீஸ் இன்னும் ரத்தாகவில்லை. ரசீது என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் போய்க் கேட்டு வருகிறேன்.